கையெழுத்தைக் கடைசியாகப் பாருங்கள்

வீட்டில் இருக்கும் ஓவியம் அசல்தானா, வாங்கப்போவது அசல்தானா என்று வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பழைய ஓவியங்களைச் சீரமைக்கும் சென்னைப் பெண்மணி ஒருவரின் பதில்கள்.

எங்கள் பூர்வீக வீட்டு வளவில் தேக்குச் சட்டம் போட்ட பெரிய லட்சுமி படம் இருக்கிறது. மூலையில் ரவி வர்மா கையெழுத்து தெளிவாகத் தெரிகிறது. பழம்பொருள் வியாபாரி ஒருவர், "இது ஒரிஜினல் ஆயில் பெயின்டிங், கோடிக்கணக்கில் போகும், 25,000 ரூபாய் கொடுத்தால் சான்றிதழ் வாங்கித் தருகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா?
– காரைக்குடி வாசகி

கொடுக்க வேண்டாம் அம்மா. நீங்கள் அனுப்பிய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். உங்கள் வீட்டில் இருப்பது ஓலியோகிராப். கல்லச்சில் அடித்து, மேலே வார்னிஷ் பூசிய படம். ஆயில் பெயின்டிங் இல்லை.

அந்த வியாபாரி தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததில்லை. ரவி வர்மா 1894-ல் மும்பை காட்கோபரில் சொந்த அச்சகம் தொடங்கினார். 1899-ல் அது லோனாவ்லா பக்கத்தில் உள்ள மலவ்லிக்கு மாறியது. 1901-ல் அங்கே வேலை பார்த்த ஜெர்மானியர் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷருக்கே அதை விற்றுவிட்டார். 1906-ல் ரவி வர்மா காலமானார், அச்சகம் அதற்கப்புறமும் பல பத்தாண்டுகள் ஓடியது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் படத்தை எழுதி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடிப்பார்கள். கடைசியில் வார்னிஷ் பூசி, கேன்வாஸ் துணியின் நெசவு போலத் தெரிய மேற்பரப்பை அழுத்தியும் எடுப்பார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு ஆயில் பெயின்டிங் போலத் தெரிய வேண்டும் என்றே செய்த வேலை அது. கையெழுத்தும் கல்லிலேயே ஏறிவிடுவதால் அடித்த படம் அத்தனையிலும் அதே கையெழுத்து இருக்கும். இந்தக் கேள்வி-பதில் பகுதியில் நான் ஓயாமல் சொல்வது இதைத்தான்: கையெழுத்தைக் கடைசியாகப் பாருங்கள்.

முதலில் எதைப் பார்ப்பது? நகைக்கடையில் வைரத்துக்கு வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். பகல் வெளிச்சத்தில் லட்சுமியின் கன்னத்தில், நிழல் விழும் இடத்தில் அதை வையுங்கள். ஆயில் பெயின்டிங் என்றால் புள்ளியே இருக்காது. ஒரு நிறம் இன்னொரு நிறத்துக்குள் வழுக்கிக்கொண்டு போகும், தூரிகை முடி இழுத்த கோடு எங்காவது அகப்படும். கல்லச்சு என்றால் இளஞ்சிவப்பும் வெளிர் பழுப்பும் சாம்பல் நீலமும் பொடிப்பொடிப் புள்ளிகளாக இருக்கும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது, வரிசை இருக்காது. ஒரு மனிதர் கல்லின்மேல் குனிந்து உட்கார்ந்து கையால் வைத்த புள்ளிகள் அவை. அதுவே புள்ளிகள் ஒரே சீராக, குட்டிக் குட்டிப் பூ வளையம் போல அணிவகுத்து நின்றால் பின்னால் வந்த ஆஃப்செட் அச்சு. காலண்டர் படம் எல்லாம் அந்த வகைதான். உங்கள் மூன்றாவது போட்டோவில், இடது கன்னத்தில் தாடைக்குக் கொஞ்சம் மேலே, அந்தச் சீரில்லாத புள்ளிகள் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன. அதனால் பழைய கல்லச்சுதான் என்று தைரியமாகச் சொல்கிறேன்.

இன்னொன்றும் பாருங்கள். சட்டத்தின் பின்பலகையைப் பழகிய ஆளை வைத்துக் கழற்றினால், படத்தின் கீழ் விளிம்பில் அச்சகத்தின் பெயரும் ஊரும் பொடி எழுத்தில் இருக்கலாம். சட்டம் போடுகிறவர்கள் அதைப் பெரும்பாலும் வெட்டிவிடுவார்கள், அல்லது சட்டத்துக்குள் மறைத்துவிடுவார்கள். காட்கோபர் என்று இருந்தால் ஆரம்ப காலத்துப் படம். மலவ்லிக்குப் பக்கத்து ஊரான கார்லா, அல்லது லோனாவ்லா என்று இருந்தால் பிற்பாடு அடித்தது.

ரவி வர்மா கையால் எழுதிய 1896-ஆம் வருடத்து லட்சுமி பரோடா அரச குடும்பத்துத் தொகுப்பில் இருக்கிறது. அவருடைய தூரிகை வேலையை நேரில் பார்க்க ஆசையிருந்தால் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கும் 'அன்னமும் தமயந்தியும்' (1899) முன்னால் போய் நில்லுங்கள். அசலை ஒருமுறை நின்று பார்த்த கண்ணை ஏமாற்றுவது கஷ்டம்.

உங்கள் வீட்டுப் பெண்கள் யாரோ லட்சுமியின் புடவையில் சரிகையும் சமிக்கியும் ஒட்டியிருக்கிறார்களே, அதைப் பிய்த்துவிட வேண்டாம். அச்சுப் படத்துக்குத் துணி உடுத்திச் சமிக்கி வைப்பது தென்னிந்திய வீடுகளில் நடந்த அருமையான கைவேலை. இந்தப் படத்தின் வேறு ஒரு பிரதி யாரிடமாவது இருக்கலாம், இந்தச் சமிக்கியோடு இருப்பது உங்கள் வீட்டில் மட்டும்தான். அந்த வியாபாரி "சுத்தம் பண்ணித் தருகிறேன்" என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

ஆன்லைனில் "கையால் வரைந்த அசல் ஆயில் பெயின்டிங்" என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். தொட்டால் மேடு பள்ளமாக இருக்கிறது. ஆனால் அதே படம் இன்னொரு நண்பர் வீட்டிலும் இருக்கிறது. என்னது இது?
– திருப்பூர் வாசகர்

கேன்வாஸில் இன்க்ஜெட் பிரின்ட் எடுத்து, அதன்மேல் நிறமில்லாத ஜெல்லைத் தூரிகையால் இழுத்திருப்பார்கள். தொட்டுப் பார்த்து வாங்குகிறவர்களுக்காகவே செய்கிற வேலை.

அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் படத்தின் பக்கவாட்டில் சுவரோடு ஒட்டிப் பிடியுங்கள். மேடுகள் நிழலோடு எழுந்து நிற்கும். அந்த மேடு போகிற திசையும் நிறம் போகிற திசையும் ஒன்றாக இருக்கிறதா? மரக்கிளை இடப்பக்கம் வளைகிறது, மேடு மட்டும் குறுக்கே நேராக ஓடுகிறது என்றால் நிறம் வேறு, மேடு வேறு. பிறகு கேன்வாஸ் மடியும் ஓரத்தைப் பாருங்கள். கையால் வரைந்ததில் வண்ணம் ஓரத்தில் ஒழுங்கில்லாமல் நிற்கும், வழிந்திருக்கும், விரல் பட்டிருக்கும். பிரின்ட்டில் படம் அளவெடுத்தாற்போல் மடிந்து போகும், அல்லது கத்தி வைத்தாற்போல் நிற்கும்.

இதோடு இன்னொன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஓவியர் தானே செய்த எச்சிங் (உலோகத் தகட்டை அரித்து எடுக்கும் அச்சு), லித்தோகிராப் (கல்லச்சு), செரிகிராப் (திரை அச்சு) இவையெல்லாம் அசல் கலைப்படைப்புகள்தான். கீழே பென்சிலில் 12/50 என்று எழுதி ஓவியர் கையொப்பமிட்டிருப்பார். ஐம்பது பிரதிகளில் பன்னிரண்டாவது என்று பொருள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, எத்தனை பிரதி என்று சொல்லித்தானே விற்கிறார்கள். உங்களுக்கு விற்றவர் சொல்லாமல் விற்றார். விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடு சேர்த்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போங்கள்.

பருத்தியில் நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டுத் தேய்த்தால் வண்ணம் புதிதா பழசா என்று தெரிந்துவிடுமாமே?
– சேலம் வாசகர்

தயவுசெய்து செய்யாதீர்கள். அசல் வண்ணமும் கரையும், வார்னிஷும் கரையும், பின்னால் ஒட்டுப்போட்ட வண்ணமும் கரையும். தெரிந்துகொள்ள எதுவும் மிஞ்சாது. ஒரு குடும்பத்துப் பெரியவரின் உருவப்படம் என் மேசைக்கு வந்தது. நெற்றியில் கட்டைவிரல் அகலத்துக்கு வண்ணம் போய், கேன்வாஸ் நூல் தெரிந்தது. போனதைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது. அந்த இடத்தை உறுத்தாமல் நிரப்பிக் கொடுக்க மட்டுமே என்னால் முடிந்தது. உருளைக்கிழங்கு வெட்டித் தேய்ப்பது, ஈரத்துணியில் துடைப்பது, விபூதி போட்டுத் துலக்குவது எல்லாமே கூடாது.

வீட்டிலேயே கெடுதலில்லாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. கள்ள நோட்டு பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா விளக்கு. இருட்டில் அதைக் காட்டினால் பழைய இயற்கை வார்னிஷ் மங்கிய பச்சையாக ஒளிரும். பிற்பாடு வண்ணம் வைத்த இடங்கள் கறுப்புத் திட்டாகத் தெரியும். வார்னிஷ் முழுக்கப் பச்சையாக ஒளிரும்போது கையெழுத்து மட்டும் கறுப்பாக மேலே மிதந்தால், வார்னிஷ் பூசிய பிறகு யாரோ போட்ட கையெழுத்து அது. காகித ஓவியம் என்றால், 1920-ல் வரைந்தது என்று சொல்லும் தாள் பளீரென்று நீல வெள்ளையாக ஒளிரக்கூடாது. தாளை வெளுப்பாகக் காட்டும் அந்த ரசாயனம் 1950 வாக்கில்தான் காகித ஆலைகளுக்கு வந்தது.

சான்றிதழ் கொடுக்கிறார்களே, அது போதாதா?
– மதுரை வாசகர்

யார் கொடுத்தது என்பதில் இருக்கிறது. ஓவியரோ, அவர் குடும்பமோ, அவர் படைப்புகளை வருடக்கணக்கில் ஆராய்ந்தவரோ கொடுத்து, அதில் படத்தின் போட்டோ, அளவு, ஊடகம், வருடம் எல்லாம் இருந்தால் மதிப்பு உண்டு. விற்கிற கடைக்காரர் தங்கநிறத் தாளில் "இது அசல்" என்று அடித்துக் கொடுத்தால் அது அவருடைய பேச்சை எழுத்தில் கொடுத்தது, அவ்வளவுதான். படத்தோடு கூடவே வந்த பழைய பில், கண்காட்சிக் கையேடு, ஓவியர் எழுதிய கடிதம், படம் பின்னால் தெரியும் கல்யாண போட்டோ ஆகியவற்றுக்கு நான் கொடுக்கும் மதிப்பு அதிகம். யாரையும் ஏமாற்றுவதற்காக அவற்றை உண்டாக்கவில்லை, அதனால்தான்.

ஓவியர் உயிரோடு இருக்கும்போதே என்ன நடக்கிறது பாருங்கள். 2009-ல் டெல்லியில் தன் படங்களின் கண்காட்சிக்குப் போன எஸ்.எச்.ரஸா, சுவரில் மாட்டியிருந்தவற்றில் பல தான் வரைந்தவையே இல்லை என்று கண்டு அதிர்ந்துபோனார். கண்காட்சியை மூடினார்கள். அன்று அவர் அங்கே நேரில் வராமலிருந்தால் அந்தப் படங்கள் "கண்காட்சியில் இடம்பெற்றவை" என்ற பெருமையோடு வீடுகளுக்குப் போயிருக்கும்.

நூறு வருடப் பழமையானது என்று ஒரு தஞ்சாவூர் ஓவியம் வாங்கினேன். கிருஷ்ணர் படம். ஓரங்களில் தங்கம் பச்சை பூத்திருக்கிறது. பழசானால் இப்படித்தான் ஆகுமா?
– கோயம்புத்தூர் வாசகி

ஆகாது அம்மா. தங்கம் எத்தனை வருடமானாலும் பச்சை பூக்காது. பச்சை வருகிறது என்றால் அந்த ரேக்கில், அதாவது ஒட்டியிருக்கும் மெல்லிய தகட்டில், செம்பு இருக்கிறது. தங்கநிற ரேக்கு ஒட்டிய படம் உங்களுடையது.

வயதைப் பற்றி: படத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் பிளைவுட் இருந்தால் நூறு வருடக் கதையை அங்கேயே நிறுத்திவிடலாம். பழைய படங்கள் பலாப்பலகை போன்ற கட்டையில் செய்தவை. பலகைமேல் துணியை ஒட்டி, சுக்கான் தூளைப் பசையில் குழைத்துப் பூசி, இழைத்து, மக்கு என்ற சுண்ணப் பசையை வைத்து மேடாக்கி, அதன்மேல் கண்ணாடிக் கல்லும் ரேக்கும் ஒட்டுவார்கள். பழைய பலகை வெயிலுக்கும் மழைக்கும் அசைந்திருக்கும். இரண்டு பலகை சேரும் இடத்தில் முன்பக்கம் மக்கிலும் நேராக ஒரு விரிசல் ஓடும். விரிசல் எல்லா இடத்திலும் சமமாக, அழகாக, சுவாமி முகத்தை மட்டும் விட்டுவிட்டு வந்திருந்தால் யோசியுங்கள். பூச்சி அரித்த துளையையும் பாருங்கள். பூச்சி வளைந்து வளைந்து போகும். உள்ளே நேராகப் போகும் துளை டிரில் போட்டது. பூஜையில் இருந்த படத்தில் விளக்குப் புகை ஒரு பக்கமாக ஏறியிருக்கும், கீழே சுவாமி பாதத்தில் சந்தனமும் குங்குமமும் படிந்திருக்கும். வேண்டுமென்று புகை காட்டிய படம் ஓரம்வரைக்கும் ஒரே மாதிரி கறுத்திருக்கும்.

ஒன்று மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று தஞ்சாவூரில் பிளைவுட்டில் 22 காரட் ரேக்கு வைத்துச் செய்கிறார்களே, அவையும் அசல் தஞ்சாவூர் ஓவியங்கள்தான். புவிசார் குறியீடு பெற்ற கலை அது. அந்தக் கலைஞர் புதுப்படம் என்று சொல்லித்தான் விற்கிறார். இடையில் யாரோ அதை வாங்கிப் புகைபோட்டுப் பழசாக்கும்போது, பணத்தோடு அந்தக் கலைஞரின் பெயரும் சேர்ந்து களவு போகிறது. எனக்கு அதுதான் வருத்தம்.

இத்தனை பாடு எதற்கு? லேபில் கொடுத்து மெஷினில் பார்த்தால் அசலா போலியா என்று சொல்லிவிட மாட்டார்களா?
– திருச்சி வாசகர்

லேப் "இது போலி" என்று அடித்துச் சொல்லும். "இது இன்னார் வரைந்தது" என்று சொல்லாது. எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவியால் படத்தைத் தொடாமலேயே வண்ணத்தில் என்ன தனிமம் இருக்கிறது என்று பார்க்கலாம். அந்த வருடத்தில் இல்லாத வண்ணம் இருந்தால் அகப்பட்டுக்கொள்வார்கள். எல்லாம் பொருந்தினால், அந்தக் காலத்தில் யாரோ ஒருவர் வரைந்திருக்கலாம் என்பதுவரைதான் அது கொண்டுபோய் விடும்.

ஜெர்மனியில் வொல்ஃப்காங் பெல்ட்ராக்கி என்றொருவர் பல வருடம் பெரிய ஓவியர்களின் பாணியில் வரைந்து, அவர்கள் பெயரில் விற்றார். 1914-ல் ஹைன்ரிஷ் காம்பென்டாங்க் வரைந்ததாகச் சொன்ன ஒரு குதிரை ஓவியம் 2006-ல் 28 லட்சம் யூரோவுக்கு மேல் விலைபோனது. சோதித்தபோது டைட்டானியம் வெள்ளை இருந்தது. 1914-ல் ஓவியர்கள் கைக்கு வராத வண்ணம் அது. பெல்ட்ராக்கி ஜிங்க் வெள்ளை என்று நம்பி வாங்கிய டியூபில் டைட்டானியம் கலந்திருந்தது, லேபிளில் அது போடப்படவில்லை. 2011-ல் ஆறு வருடத் தண்டனை பெற்றார்.

"பின்பக்கத்தைப் பாருங்கள்" என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பெல்ட்ராக்கி கூட்டத்துக்கும் அது தெரிந்திருந்தது. அந்தக் காலத்து ஓவியச் சேகரிப்பாளர் ஒருவரின் பெயரில் லேபிள் அடித்துக் கேன்வாஸ் பின்னால் ஒட்டினார்கள். பெல்ட்ராக்கியின் மனைவி தன் பாட்டி போல உடுத்திக்கொண்டு, பின்னால் போலிப் படங்களை மாட்டி, பழைய காலத்து போட்டோ போலவே ஒன்றை எடுத்துக் காட்டினார். அதனால் லேபிள் இருக்கிறது, பழைய போட்டோ இருக்கிறது என்று அங்கேயே நின்றுவிடக் கூடாது. அந்த லேபிள் அந்த ஆளுடைய வேறு படங்களிலும் இதே மாதிரி இருக்கிறதா, அந்தக் கண்காட்சிக் கையேட்டில் இந்தப் படம் இதே அளவோடு வந்திருக்கிறதா என்று வெளியே போய் ஒத்துப்பார்க்க வேண்டும்.

நிபுணர் கண்ணும் சறுக்கும். 1937-ல் நெதர்லாந்துக்காரர் ஹான் வான் மேகெரன் செய்த 'எம்மாவுஸ் விருந்து' படத்தை 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் தலைசிறந்த படைப்பு என்று பாராட்டியவர் ஆப்ரகாம் பிரெடியஸ். வெர்மீர் ஆராய்ச்சியில் அன்று அவருக்கு மேல் ஆள் இல்லை. ராட்டர்டாம் அருங்காட்சியகத்துக்கு அதை வாங்கினார்கள். மேகெரன் பழைய கேன்வாஸ் எடுத்து, வண்ணத்தில் பேக்கலைட் பிசின் கலந்து, அடுப்பில் சுட்டு இறுக வைத்து, விரிசலில் மை தேய்த்திருந்தார். போர் முடிந்தபின், நாஜித் தலைவர் கோரிங்குக்கு வெர்மீர் படம் விற்ற துரோகி என்று பிடித்தபோது, அது தன் கைவேலை என்று அவரே சொல்லித்தான் விஷயம் வெளியே வந்தது.

கல்கத்தாவில் வேலை பார்த்த அப்பா வாங்கி வைத்த ஜாமினி ராய் ஓவியம் எங்களிடம் இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் தம்பி தன் வீட்டுக்குக் கொண்டுபோக ஆசைப்படுகிறான். அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– சென்னை வாசகி

இரண்டாவது விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அசலாக இருந்தால் தம்பி கொண்டுபோக முடியாது. 1972-ஆம் ஆண்டு தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டத்தின்படி ஜாமினி ராய், ரவி வர்மா, அம்ருதா ஷேர்-கில், நந்தலால் போஸ் உள்ளிட்ட ஒன்பது ஓவியர்களின் படைப்புகள் தேசியக் கலைச்செல்வங்கள். நாட்டுக்குள் விற்கலாம், வாங்கலாம். வெளிநாட்டுக்குப் பெட்டியில் வைத்து எடுத்துப்போவது குற்றம்.

அசல்தானா என்பதற்கு ஜாமினி ராய் விஷயத்தில் பதில் சொல்வது கடினம். அவர் கல்கத்தா காளி கோயில் பக்கம் படம் எழுதி விற்ற காளிகாட் பட ஓவியர்களின் வழியில் போனவர். மகன்களும் மற்றவர்களும் கூடவே உட்கார்ந்து வேலை செய்தார்கள், ஒரே படத்தைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். எளிய மனிதர் வீட்டிலும் படம் இருக்க வேண்டும் என்று விலையைக் குறைத்தே வைத்திருந்தார். அதனால் முழுக்க அவர் கை, பட்டறைக் கை, பிற்பாடு வந்த போலி என்று மூன்று அடுக்காகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்பாவின் பழைய டைரி, பேங்க் பாஸ்புக், கல்கத்தா வீட்டு போட்டோ ஆல்பம் எல்லாவற்றையும் எடுங்கள். அதில் ஒரு வரி கிடைத்தாலும் படத்தோடு வைத்துப் பத்திரப்படுத்துங்கள். பிறகு வங்காள ஓவியம் அறிந்த நிபுணர் இருவரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். படத்தை வாங்கிக்கொள்ள ஆசைப்படுகிறவர் அவர்களில் ஒருவராக இருக்கக் கூடாது.

கும்பகோணத்தில் ஓவியம் படிக்கிறேன். இப்போதுதான் இரண்டு படம் விற்றிருக்கிறேன். நாளைக்கு என் பெயரில் யாரும் போலி செய்யாமலிருக்க இப்போதே என்ன செய்யலாம்?
– மாணவர்

இந்தக் கடிதத்தைப் படித்து எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா தம்பி! பெரிய பெயர் வாங்கிய பிறகு இதை யோசித்தவர்கள்தான் அதிகம்.

தடிமனான நோட்டு ஒன்று போடு. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எண், தலைப்பு, ஊடகம், சென்டிமீட்டரில் அளவு, முடித்த தேதி, யாரிடம் எந்தத் தேதியில் எவ்வளவுக்குப் போனது என்று எழுது. முன்பக்கம் ஒரு போட்டோ, பின்பக்கம் ஒன்று, மடிப்பு ஓரத்தில் ஒன்று, படத்தில் உனக்கு மட்டும் தெரிந்த ஏதோ ஒரு மூலையை மிக நெருக்கத்தில் ஒன்று எடுத்து வை. அந்த நெருக்கப் போட்டோவில் தெரியும் தூரிகைத் தடத்தை எந்தப் போலியாலும் அப்படியே கொண்டுவர முடியாது. அதை யாருக்கும் அனுப்பாதே, இணையத்திலும் போடாதே. நோட்டில் எழுதிய எண்ணைப் படத்தின் பின்னால் மரச்சட்டத்தில் பென்சிலால் எழுது. பால்பாயின்ட் பேனாவால் கேன்வாஸில் எழுதினால் அழுத்தம் முன்பக்கம் தெரியும், மை ஊறும்.

விற்கும்போது பில் கொடு, காப்பி வைத்துக்கொள். படத்தை விற்றாலும் பதிப்புரிமை உன்னுடையதுதான், எழுதிக் கொடுத்தாலொழிய அது கைமாறாது என்பதை வாங்குபவரிடமும் சொல்லிவிடு. கேலரிக்காரர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் வெற்றுச் சான்றிதழில் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதே. விற்ற அந்த இரண்டு படங்களுக்கும் போட்டோ இல்லையென்றால், வாங்கியவர்கள் வீட்டுக்கு இந்த வாரமே போய் எடுத்துக்கொண்டு வா.